தங்கராசு அய்யா மெயில் போட்டால் ஆள் காணாமல் போவார்

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மெயில் வரவில்லை என்று உங்களைத் திட்டுவார்கள். வந்த மெயில் குப்பையில் கிடக்கிறது என்று திட்டுவார்கள். கடவுச்சொல்லைத் தாங்களே மறந்துவிட்டு அதற்கும் உங்களையே திட்டுவார்கள். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். செய்வினை வைத்ததாகப் பழி வரும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, நல்லபடியாக மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா படகுக்காரர். நான் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். கல்லூரி சர்வரில் ஓர் ஓரத்தில் கடலோர மருத்துவ உதவிச் சங்கம் என்ற அமைப்புக்கு இடம் கொடுத்திருந்தோம். அந்தச் சங்கம் மண்டபத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் யூனிட்டை நடத்தி வந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் பல நாள் வந்து, மணிக்கணக்காகப் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். சில நாள் தவறினால் உயிருக்கே வினை.

சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் 'கடலோரம்' என்ற மெயில் குழுவில் இருந்தார்கள். குழுவுக்கு ஒரே முகவரி. அதற்கு யார் எழுதினாலும் எல்லோருக்கும் போகும். படகு வைத்திருப்பவர்கள், கன்னியாஸ்திரிகள், எங்கள் கல்லூரியின் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், கப்பலில் வேலை பார்ப்பவர்கள், வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைக்காரர்கள் என்று பலவகை ஆட்கள். இடையில் வாட்ஸப்புக்கு மாறிப் பார்த்தார்கள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களுக்கு அடியில் 'இன்று மிஷின் ஓடாது' என்ற அறிவிப்பு புதைந்து போனது. நோயாளிகள் வந்து நின்றார்கள். மறுநாளே மெயிலுக்குத் திரும்பிவிட்டார்கள். சங்கத்தின் ஓட்டெடுப்பும் மெயிலில்தான். கப்பலில் இருப்பவரும் ஓட்டுப் போட வேண்டுமே.

குழுவுக்கு வரும் ஒவ்வொரு மெயிலிலும் எங்கள் சர்வர் இரண்டு சின்ன வேலை செய்யும். தலைப்பின் முன்னால் 'கடலோரம்' என்று சேர்க்கும். அடியில் யூனிட்டின் அவசரத் தொலைபேசி எண்ணை ஒட்டும். அவ்வளவுதான். பல வருடமாக அதை யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது தங்கராசு அய்யாவைச் சொல்கிறேன். திருவாடானைப் பக்கம் ஒரு கிராமம். நிலபுலன் உள்ள குடும்பம். பெரிய நிறுவனம் ஒன்றில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரிகள் ஓய்வுக்குப் பிறகும் நிறுவனத்தின் மெயில் முகவரியை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் சலுகை கொடுத்திருந்தது. அய்யா அதை வீட்டு வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அது இருந்தது, குலதெய்வத்தின் பெயருக்கு அடுத்த வரியில்.

நன்றாக எழுதுவார், நீளமாகவும் எழுதுவார். டயாலிசிஸ் யூனிட்டை மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து மண்டபம் வரை நோயாளிகள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் மட்டும் ராமநாதபுரம் வரை எப்படிப் போவார்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயம். இரண்டு நியாயம் மோதினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மெயில்கள் பறந்தன.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் கீழக்கரை ஹமீது. துபாயில் கடை வைத்திருப்பவர். தங்கராசு அய்யா எழுதினால் அடுத்த நாளே பதில் எழுதுவார். ஒரு நாள் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக எனக்குப் போன் வந்தது.

"ஸ்டெல்லா மேடம், என்னைய ஏன் குழுவுலேர்ந்து தூக்குனீங்க? நான் என்ன கெட்ட வார்த்தையா எழுதுனேன்?"

"நான் தூக்கலையே."

"அப்ப ஜின்னு வந்து தூக்குச்சா?"

பார்த்தேன். அவர் பெயர் உண்மையிலேயே உறுப்பினர் வரிசையில் இல்லை. சர்வர் தானாக நீக்கியிருந்தது. ஓர் ஆளுக்கு அனுப்பும் மெயில் அடுத்தடுத்துத் திரும்பி வந்தால், அந்த முகவரி செத்துவிட்டது என்று முடிவு செய்து குழு மென்பொருள் அவரை நீக்கிவிடும். சரி, அவருடைய மெயில் பெட்டி நிறைந்திருக்கும் என்று நினைத்து மறுபடி சேர்த்தேன். தங்கராசு அய்யா இன்னும் சில மெயில் போட்டார். ஹமீது மறுபடி காணாமல் போனார். இந்தத் தடவை அவரோடு பாம்பன் மடத்துச் சிஸ்டரும் போனார். பின்னாலேயே ராமேஸ்வரத்துப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

போனவர்கள் எல்லோரும் யூனிட்டை மாற்றக்கூடாது என்றவர்கள். தங்கராசு அய்யாவை ஆதரித்த எங்கள் பேராசிரியர்கள் ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை. யோசித்துப் பாருங்கள். யூனிட் வந்தால் எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில்தான் வரும். சர்வர் கல்லூரியுடையது. சாவி என் கையில். ராமேஸ்வரத்தில் யாரோ, "அந்தப் பெரியவரு மந்திரிச்சுல்ல மெயிலு போடுறாரு, அந்தம்மா தகடு வச்சிருக்கு சர்வர்ல" என்று சொல்லி, அது தீவைத் தாண்டி வேதாளை வரைக்கும் வந்துவிட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் ஓர் அம்மா என்னிடம், "ஒனக்கு எதுக்குத்தா இந்தப் பொழப்பு?" என்று கேட்டு, கேட்ட கையோடு நகரை மீனை நிறுத்துப் போட்டார். எடை சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த மெயில்களைத் திறந்து படித்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். திரும்பி வரும் மெயில் காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் வரும். நாம்தான் காது கொடுப்பதில்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் போகும் மெயிலின் மேல் ஒரு முத்திரை வைக்கலாம். வழியில் யாராவது மெயிலில் கை வைத்தால் முத்திரை உடைந்துவிடும். அதோடு உலகத்துக்கு ஒரு பொது அறிவிப்பும் செய்து வைக்கலாம்: 'எங்கள் பெயரில் வரும் மெயிலில் எங்கள் முத்திரை சரியாக இல்லை, எங்கள் சர்வரிலிருந்தும் வரவில்லை என்றால், வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.' டிகிம், டிமார்க் என்று நீங்கள் தினமும் உச்சரிக்கிற சமாச்சாரம்தான். தங்கராசு அய்யாவின் பழைய நிறுவனம் அண்மையில் அந்த அறிவிப்பைச் செய்திருந்தது. யாரோ அந்த நிறுவனத்தின் பெயரில் வேலை தருவதாகப் பொய் மெயில் அனுப்பி ஊரை ஏமாற்றியதால் செய்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

இந்தப் பக்கம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? அய்யாவின் மெயிலை வாங்கி, தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, அடியில் எண்ணை ஒட்டி, முத்திரையை உடைத்து, எங்கள் சர்வரிலிருந்து அவர் பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். கண்டிப்பாகச் சோதிக்கும் பெரிய இலவச மெயில் நிறுவனம் அதைப் போலி என்று திருப்பி அனுப்பியது. அங்கே பெட்டி வைத்திருந்தவர்கள் தீவுக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும். அவர்களை எங்கள் மென்பொருள் செத்த கணக்கில் எழுதி நீக்கியது. பேராசிரியர்களின் பெட்டி எங்கள் சர்வரிலேயே இருந்தது. அது அப்போது எதையும் சோதிக்காது. வந்தவரையெல்லாம் வாங்க என்று உட்காரவைக்கும்.

எழுதியவருக்கு ஒரு கீறலும் இல்லை, வாங்கியவருக்குத் தண்டனை. இதில் செய்வினைக்கு வேலையே இல்லை. ஆனால் செய்வினை என்று சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு எளிது என்று எனக்கே ஆசையாக இருந்தது.

இதற்குள் யூனிட்டை மாற்றுவதா என்ற ஓட்டெடுப்பின் கடைசி நாள் வந்துவிட்டது. சங்கத்தின் செயலாளர் அருளப்பன், பாம்பன்காரர். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், உரத்த குரல். யூனிட்டைத் தீவுக்காரர்களிடமிருந்து எவனும் பிடுங்க முடியாது என்று மேடையில் முழங்குகிறவர். அவர் மனைவி ரோஸ்லின் என்னோடு பள்ளியில் படித்தவள். செயலாளர் என்பதால் அவருக்கு மட்டும் எங்கள் சர்வரிலேயே ஒரு முகவரி கொடுத்திருந்தோம்.

ஓட்டெடுப்பு முடிந்ததும், ஓட்டுச் சீட்டு எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேர்ந்தது என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். அருளப்பன் போனில் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லாக்கா, அந்த ஒத்த வரிய எழுதிக் குடுத்துருங்க. முடிச்சு விட்டுருவோம். இழுத்துக்கிட்டே கெடக்கு."

"பாதித் தீவு குழுவுலயே இல்ல அருளப்பா. ஓட்டுச் சீட்டு அவங்களுக்குப் போகவே இல்ல."

"அது அவங்க மெயிலு கோளாறு. நாம என்ன செய்ய?"

"அவங்க கோளாறு இல்ல. நம்ம கோளாறு."

"அக்கா, ஒத்த வரிதானே?"

அந்த ஒரு வரியை எழுத என்னால் முடியவில்லை. தீவுக்காரர்கள் இல்லாத ஓட்டெடுப்பை முடிப்பதில் ஒரு தீவுக்காரருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர் பொறுமை இல்லாதவர் என்று மட்டும் நினைத்தேன். ஓட்டெடுப்பு நிறுத்தப்பட்டது. கல்லூரி முதல்வர் என்னை அழைத்து, "ஓய்வு பெறப் போற நேரத்துல எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று கேட்டார். நான் சிரித்துவைத்தேன். ஓய்வு பெறப் போகிறவளை யாரும் வேறு ஊருக்கு மாற்ற முடியாது என்பதை அவர் மறந்திருந்தார்.

சரி, கோளாற்றைச் சரி செய்ய வேண்டும். எப்படி? இங்கேதான் உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வழியிலும் ஒருவர் கோபித்துக்கொள்வார்.

முதல் வழி, தங்கராசு அய்யா வேறு முகவரிக்கு மாறுவது. அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"ஏத்தா, நான் மெயிலு போட்டா ஆளு காணாமப் போறாங்கன்னு அங்கன பேசுறாங்களாமே. நெசமா?"

"நெசந்தாங்கய்யா. ஆனா அது ஒங்க தப்பு இல்ல."

"நம்ப மாட்டேன். எனக்கும் ஒரு காப்பி வர்ற மாதிரி பண்ணு. என் மெயிலு எனக்கு வருதா இல்லையான்னு பாத்துருவோம்."

தான் எழுதியதன் நகல் தனக்கு வரவேண்டாம் என்று அவர் முன்பு நிறுத்தி வைத்திருந்தார். அதைத் திறந்துவிட்டேன். அவர் அந்த வாரம் முழுவதும் விடாமல் மெயில் போட்டார். அவருடைய நிறுவனத்தின் சர்வரே, 'இது எங்கள் பெயரில் வந்த போலி' என்று அவருடைய மெயிலை அவருக்கே தராமல் திருப்பி அனுப்பியது. வாரக் கடைசியில் எங்கள் மென்பொருள் தங்கராசு அய்யாவையும் குழுவை விட்டு நீக்கியது. அவரே அவரைத் தூக்கிவிட்டார்.

போனில் குரல் இறங்கியிருந்தது. "ஆத்தா, நெசந்தான். ஆனா முகவரிய மாத்த மாட்டேன். முப்பது வருசம் ஒழைச்சு வாங்குன பேரு அது."

நான் வற்புறுத்தவில்லை. அவருடைய வீட்டுப் பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. அதற்காக அவரை வீடு மாறச் சொல்வது என்ன நியாயம்? கண்டிப்பான அறிவிப்பு உள்ள நிறுவனத்துக்காரர் யாரும் குழுவில் எழுதக்கூடாது என்று சில குழுக்கள் தடை போட்டன. பொய்யிலிருந்து தன் பெயரைக் காத்துக்கொள்பவரை வாசலில் நிறுத்துவது அது. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வழி, மெயிலில் கையே வைக்காமல் வந்தது வந்தபடி அனுப்பிவிடுவது. முத்திரை உடையாது. சுத்தமான வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனால் யூனிட்டின் நர்ஸ் ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார். அடியில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நோயாளி வீட்டார் அவசரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அதை எடுத்தால் அவர் பொறுப்பில்லை என்றார். நடுவில் கைமாறியதற்குச் சான்று சொல்லும் புது முத்திரை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் வாங்குகிறவர் இஷ்டம். டயாலிசிஸ் நோயாளியை அந்த இஷ்டத்தின் மேல் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது வழியை எடுத்தேன். கை வைத்தது நாங்கள், ஆகவே அனுப்புகிறவரும் நாங்களே. மெயில் இனி குழுவின் முகவரியிலிருந்து, எங்கள் முத்திரையோடு போகும். பெயர் இருக்கும் இடத்தில் 'தங்கராசு, கடலோரம் வழியாக' என்று வரும். பதில் போட்டால் எழுதியவருக்குப் போகும்படி அவருடைய சொந்த முகவரியைத் தனியாகக் குறித்திருந்தேன். எதை மாற்றுகிறாயோ அதற்கு உன் பெயரைப் போடு. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் கற்ற தொழில்நுட்பம் ஒரே வாக்கியத்தில் இவ்வளவுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சில போன்கள் வந்த முகவரியைத் தாமாகவே பெயரோடு சேமித்துக்கொள்ளும். 'தங்கராசு' என்ற பெயருக்குக் குழுவின் முகவரியைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒருவர் தங்கராசுவுக்குத் தனியாக எழுதுவதாக நினைத்து ஊருக்கே எழுதிவிடுவார். ஆகவே எல்லோருக்கும் தெளிவாக ஓர் அறிவிப்பு அனுப்பினேன்: புதுசாக எழுதும்போது முகவரியைப் பார்த்து எழுதுங்கள். தடித்த எழுத்தில் போட்டேன். தடித்த எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீக்கப்பட்ட எல்லோரையும் மறுபடி சேர்த்து, புது ஓட்டெடுப்பை அறிவித்தோம். தங்கராசு அய்யா மெயில் போட்டார். ஹமீது இருந்த இடத்திலேயே இருந்தார். சிஸ்டர் இருந்தார். ஊரே மூச்சுவிட்டது. அன்று மத்தியானமே குழுவுக்கு இன்னொரு மெயில் வந்தது. அனுப்பியவர் அருளப்பன்.

'அய்யாவுக்கு வணக்கம். வெளிய நான் என்ன பேசுனாலும் மனசுல வச்சுக்கிராதீங்க. நீங்க சொல்றதுதான் சரி. மண்டபத்துல தண்ணி உப்பு. சுத்தம் பண்ற மிஷினு பாதி நாளு படுத்துக்கிருது. யூனிட்ட ராமநாதபுரத்துக்கே கொண்டு போயிருவோம். ஆனா நான் இப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா எங்க ஊர்க்காரங்க என்னைய வலையில சுத்திக் கடல்ல எறிஞ்சிருவாங்க. படிச்சதும் அழிச்சிருங்க.'

முதலில் பதில் போட்டவர் பாம்பன் சிஸ்டர். 'படித்தோம். அழிக்கவில்லை' என்று எழுதியிருந்தார். கன்னியாஸ்திரிகளுக்கு நகைச்சுவை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் அருளப்பன் என் அறைக்கே வந்துவிட்டார். பாம்பனிலிருந்து அந்த நேரத்துக்குள் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, அத எல்லாரு பொட்டியிலேர்ந்தும் அழிச்சிருங்க."

"முடியாது அருளப்பா. போனது போனதுதான்."

"நீங்க நெனச்சா முடியும். சர்வரே ஒங்க கையில கெடக்கு."

"என் கையில கெடக்குறது நம்ம சர்வரு. அவங்க பொட்டி அவங்க கையில."

தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டால் நீங்கள் உஷாராக வேண்டும்.

"அக்கா, இப்பத்தான் போலி மெயிலுன்னு பெரிய பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. யாரோ என் பேருல போலியாப் போட்டுட்டாங்கன்னு ஒத்த வரி எழுதிருங்க. நீங்க சொன்னா ஊரே நம்பும்."

உண்மைதான். நம்பியிருப்பார்கள். போலி மெயிலைப் பற்றி நானே ஊருக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு பொய்க்குக் கிடைக்காது.

"அந்த மெயிலு ஒன் முகவரியிலேர்ந்து, ஒன் கடவுச்சொல்லோட, நம்ம சர்வர் வழியா வந்துருக்கு. நம்ம முத்திரை அதுல இருக்கு. அது போலின்னு நான் எழுத மாட்டேன்."

"ரோஸ்லின் மூஞ்சிக்காகவாவது எழுதுங்கக்கா. வீட்டுக்குப் போக முடியல. கதவ உள்பக்கம் பூட்டிக்கிட்டா."

இது வலித்தது. ரோஸ்லினும் நானும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். நான் அதற்கும் மசியாததைப் பார்த்து அவர் குரலை மாற்றினார். கல்லூரியிலிருந்து குழுவை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடுவதாகவும், முதல்வரிடம் பேசப்போவதாகவும் சொன்னார். பேசினார்கூட. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வரிதானே மேடம்" என்றார். எல்லோருக்கும் ஒரு வரிதான் தேவைப்படுகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நம்மை வேலைக்கே வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதல்வரிடம், "எழுதுறேன் சார். ஆனா நாளைக்கு நீங்க ஒரு சர்க்குலர் அனுப்பி, யாராவது அதைப் போலின்னு சொன்னா, இல்லைன்னு என்னால சொல்ல முடியாமப் போயிரும். பரவாயில்லையா?" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அருளப்பனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "தண்ணி உப்புன்னு எழுதுனியே, அது நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப எதுக்கு ஒளியிற? அதையே போயிச் சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். பாதி கடமைக்கு, பாதி வேடிக்கைக்கு. அருளப்பன் மைக்கைப் பிடித்தார். உரத்த குரல்காரருக்கு அன்று மைக் தேவைப்பட்டது. சுத்திகரிப்பு மிஷின் எத்தனை தடவை நின்றது, எத்தனை தடவை நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள், தீவுக்காரர் ஓட்டுக்குப் பயந்து தான் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார், அந்த மெயிலைப் போலி என்று எழுதச் சொல்லி என்னிடம் எப்படி வந்து நின்றார் என்று எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் கிளம்பியது. யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள்.

பாம்பன் அந்தோணியம்மாள் எழுந்தார். வாரத்துக்கு மூன்று முறை அந்த யூனிட்டில் படுப்பவர். கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. அவர் எழுந்ததும் சத்தம் அடங்கியது.

"ஏலே அருளப்பா, தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சும் எங்களுக்குச் சொல்லாமயா இருந்த?"

அருளப்பன் மைக்கைக் கீழே இறக்கினார்.

"எங்க யூனிட்டு இங்கன இருக்கணும்னு நானுந்தான் கத்துனேன். மிஷினு நிக்கிற அன்னைக்கு வீங்குறது என் காலுதானே, ஒங் காலா? நான் ராமநாதபுரத்துக்குப் போறேன். ஆனா வண்டி எங்க? அதச் சொல்லு மொதல்ல."

வண்டிக்கு அருளப்பன் பொறுப்பேற்றுக்கொண்டார். வேறு வழியில்லை, அந்தோணியம்மாள் உட்காரவே இல்லை. திருவாடானைப் பக்கத்துக்கு ஒரு வண்டிக்குத் தங்கராசு அய்யா பொறுப்பேற்றார். பிறகு மெயிலில் ஓட்டெடுப்பு நடந்தது. எல்லா உறுப்பினருக்கும் ஓட்டுச் சீட்டு போய்ச் சேர்ந்தது என்று என் ஒரு வரியை நிம்மதியாக எழுதிக் கொடுத்தேன். ராமநாதபுரத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. ஹமீது குழுவுக்கு எழுதினார்: 'இந்தத் தடவை என்னைத் தூக்காமலே தோற்கடித்துவிட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ். வண்டி மட்டும் ஒழுங்காக ஓடட்டும்.'

ஓடியது. முதல் சில வாரம் அருளப்பனே அதில் ஏறி உட்கார்ந்து போய்வந்தார். தீவுக்காரர்கள் அவரை இறங்கவிடவில்லை. ரோஸ்லின் கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் என்னோடு வெகுநாள் பேசவில்லை. அந்த நஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்வது நியாயமாக இருக்கும்.

இன்னும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

நான் ஓய்வு பெறும் மாதம். எங்கள் சர்வருக்கும் முத்திரை, அறிவிப்பு எல்லாவற்றையும் கண்டிப்பாக்கியிருந்தேன். எங்கள் பெயரில் யாரும் போலி அனுப்ப முடியாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஒரு காலையில் போன்மேல் போன். உறுப்பினர்கள் பலருக்கு அருளப்பன் பெயரில் நேரடியாக மெயில் வந்திருந்தது. யூனிட்டில் பராமரிப்பு வேலை, அடுத்த வாரம் முழுவதும் டயாலிசிஸ் இல்லை, நோயாளிகள் வர வேண்டாம், வண்டியும் வராது என்று எழுதியிருந்தது. அடியில் யூனிட்டின் அவசர எண்கூட அப்படியே இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். முத்திரை சரியாக இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டு முத்திரை இல்லை. எங்கள் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, புதிதாக ஒரு முகவரியை வாங்கி, அதற்கு முறைப்படி முத்திரையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். சோதிக்கிற எல்லா சர்வரும் அதை நல்ல மெயில் என்று உள்ளே விட்டிருந்தன. முத்திரை, யார் அனுப்பினார் என்பதைத்தான் சொல்லும். அவர் நல்லவரா என்று சொல்லாது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. பழைய சண்டையின் மிச்சமாக இருக்கலாம், வெறும் வக்கிரமாகவும் இருக்கலாம்.

அருளப்பன் போனில் கூப்பிட்டார். "அக்கா, சத்தியமா இது நான் போட்டது இல்ல."

"தெரியும்."

"நான் இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? அன்னைக்கு நான் கேட்டதுதான் ஊருக்கே தெரியுமே. போலின்னு சொல்லச் சொல்லி ஒங்ககிட்ட வந்து நின்னேனே."

அது ஊருக்குத் தெரிந்திருந்தது. நான் மறுத்ததும் தெரிந்திருந்தது. நான் குழுவுக்கு எழுதினேன்: 'இது அருளப்பன் எழுதியது இல்லை. யூனிட் திறந்திருக்கிறது. வண்டி வரும். வாருங்கள். ஸ்டெல்லா.' தடித்த எழுத்தெல்லாம் போடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் யூனிட் வாசலில் போய் நின்றேன். ஒருவர் வராவிட்டாலும் அந்த வாரம் அவருக்குக் கடைசி வாரமாகிவிடலாம். தீவு வண்டி வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசியாக அந்தோணியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மெயில் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கத்தா மெயிலு? வர வேண்டாம்னு ஒண்ணு வந்துச்சாம், வாங்கன்னு ஒண்ணு வந்துச்சாம். ரெண்டாவதுல யாரு பேரு போட்ருக்குன்னு மகன்கிட்ட கேட்டேன். ஸ்டெல்லான்னான். சரி, சேலைய எடுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்."